இதய நோயாளிக்குக் காய்ச்சல் என்றால் ‘பாட்டில்’ ஏற்றாதீர்கள்

மழை தொடங்கினால் இதுவும் தொடங்கிவிடுகிறது. சென்ற வாரமும் ஒருவர் வந்தார். இதயம் பலவீனமானவர், உப்பைக் குறைத்து, தண்ணீரை அளந்து குடித்து, நன்றாகவே இருந்தார். இரண்டு நாள் ஃப்ளூ காய்ச்சல், உடம்பெல்லாம் அசதி. தெம்புக்காகப் பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நள்ளிரவில் படுக்க முடியாமல் மூச்சு முட்டி எங்களிடம் வந்து சேர்ந்தார். பிழைத்துக்கொண்டார். மறுநாள் மகன் கேட்கிறார்: “சோர்ந்து போயிருந்தாரே டாக்டர், குளுக்கோஸ் ஏற்றக் கூடாதா?”

அந்த பாட்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது? அரை லிட்டர் ஐந்து சதவீத குளுக்கோஸில் 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு இட்லி தருவது. சலைன் என்றால் அதுவும் கிடையாது, வெறும் உப்புத் தண்ணீர். அரை லிட்டரில் 4.5 கிராம் உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று மாதக்கணக்கில் மன்றாடி ஊறுகாயையும் அப்பளத்தையும் நான் நிறுத்த வைத்தவருக்கு, ஏறக்குறைய அந்த அளவை ஒரே பாட்டிலில் நேராக ரத்தக்குழாய்க்குள் விட்டாயிற்று. தளர்ந்த இதயம் அதை எங்கே தள்ளும்? நுரையீரலில்தான் தேங்கும்.

“ஏற்றியதும் தெம்பு வந்ததே” என்பார்கள். கூடவே போட்ட ஊசியால் காய்ச்சல் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த ஊசி டைக்ளோஃபெனாக் என்றால், அதுவும் தன் பங்குக்கு உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

டெங்குவிலும் கடும் வாந்தியிலும் திரவம் ஏற்ற வேண்டி வரலாம். அதை மருத்துவமனையில், அளந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

ஃப்ளூவை வெறும் சளி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்கு கூடியிருந்தது. நம்மவர்கள் சரியாக அந்த வாரம் பார்த்துத்தான் “காய்ச்சலோடு சேர்ந்தால் சூடு” என்று இதய மாத்திரைகளை நிறுத்துகிறார்கள்! ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஒரு நாள்கூடத் தாமாக விடக் கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்தால் நிறுத்துவதா என்பதை உங்கள் இதய மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடைக்காரர் சொல்ல வேண்டாம். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர்கள், புதிதாக ஆன்டிபயாடிக் எதையும் தொடங்கினால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். (வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்பது தனிப் புலம்பல்.)

காய்ச்சல் நாட்களில் தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினாலோ, தலையணையை உயர்த்தினால்தான் தூங்க முடிகிறது என்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சு இறுக்கத்துக்கும் அதேதான். மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எந்த கிளினிக்குக்குப் போனாலும் காய்ச்சலைச் சொல்வதற்கு முன் இதய நோயைச் சொல்லி, மருந்துச் சீட்டை நீட்டுங்கள்.

சக மருத்துவர்களுக்கும் ஒன்று. ஏற்றாவிட்டால் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள் என்கிறீர்கள். தெரியும், போகட்டும். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் முதலில் வீக்கம் இருக்கிறதா என்று கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், நுரையீரலில் நீர் இருக்கிறதா என்று முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள்.