இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் உறங்கும் வைரஸும்

மருந்துக்கடையில் "வயிற்றோட்டத்துக்கு நாலு சிப்ரோ தாருங்கோ" என்று நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையைக் கேட்டு வாங்கும் பழக்கம் திருகோணமலையில் இன்னும் போகவில்லை. மலமாதிரியோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருபவர்களின் பையில், பாதி தீர்ந்த குளிசை அட்டையும் பல வேளைகளில் இருக்கும். அதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு நான் பேஜ்களைப் பற்றித்தான் முதலில் சொல்கிறேன்.

பேஜ் என்பது பற்றீரியாவைத் தாக்கும் வைரஸ். 1915இல் துவோர்ட்டும் 1917இல் டெரெலும் தனித்தனியே கண்டறிந்தார்கள். வளர்ப்புத் தட்டு முழுவதும் பாலாடைபோலப் படர்ந்த பற்றீரியாவின் நடுவே சிறு வட்டங்கள் மட்டும் தெளிந்து கிடக்கும். பேஜ் தின்று தீர்த்த இடங்கள் அவை. கோணேசர் கோயிலடிக் கடலில் ஒரு மில்லிலீற்றர் நீரை அள்ளினால், கரையோரக் கடல்களின் பொதுக் கணக்குப்படி, ஒரு கோடி அளவில் வைரஸ்கள் இருக்கும். பெரும்பாலானவை பேஜ்களே. வாலுள்ளவை, நூலாக நீண்டவை, ஆர்.என்.ஏ. கொண்டவை என்று அவற்றில் எத்தனையோ வகை.

எல்லாப் பேஜும் உடனே கொல்வதில்லை. சில தமது மரபணுக்களைப் பற்றீரியாவின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிட்டு உறங்கும். பற்றீரியா பெருகும்போதெல்லாம் அவையும் பெருகும். வாடகையாகப் புதிய ஆற்றல்களைக் கொடுக்கும். அந்த ஆற்றல் சிலவேளை நஞ்சு. தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) கிருமிக்கு நஞ்சைத் தருவது பேஜ் என்பது 1951இல் தெரியவந்தது. கொலரா நஞ்சின் மரபணுவும் ஒரு நூல்வடிவப் பேஜில் வந்தது என்பதை வால்டரும் மெகலானோசும் 1996இல் காட்டினார்கள். பேஜ் இல்லாவிட்டால் இந்தக் கிருமிகளுக்கு அந்த நஞ்சும் இல்லை.

எங்கள் குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவின் கொடிய உறவினமான, இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஓ157உம் இப்படித்தான் ஷிகா நஞ்சைப் பெற்றது. சிப்ரோ போன்ற மருந்து பற்றீரியாவின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும்போது, உள்ளே உறங்கும் பேஜ் விழித்துக்கொள்கிறது. அது பெருகி, பற்றீரியாவை வெடிக்கச்செய்து வெளியேறும்போது நஞ்சும் கூடவே கொட்டுகிறது. கிருமியைக் கொல்லப்போன குளிசை நஞ்சைக் கூட்டிவிடக்கூடும்.

இரத்தக்கழிச்சல் எல்லாம் ஓ157 அல்ல. ஷிகெல்லா என்ற வேறொரு பற்றீரியா என்றால் நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படலாம். வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறிய வைத்தியராலும் முடியாது. ஆகவே முதல் குளிசைக்கு முன்பே மலமாதிரியைக் கொடுங்கள். நீரிழப்பை ஈடுசெய்யும் ஜீவனி கரைசலைத் தாராளமாகக் குடிக்கலாம். சிறுபிள்ளைக்குச் சிறுநீர் குறைந்தாலோ முகம் வெளிறினாலோ, அறிக்கைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஷிகா நஞ்சால் சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.