பெட்டியை ஒட்டி முடித்த பிறகு கட்டணத்தைச் சொல்லுங்கள்

பழைய தபால்தலை, நாணயம், இசைத்தட்டு, சிறு மாதிரிக் கார், காமிக்ஸ் என்று சேகரிப்புப் பொருட்களை இணையத்தில் விற்பவர்கள், பொருளின் விலையை முடிவு செய்ய எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதை அருகில் இருந்து பார்க்கிறேன். எந்த ஆண்டு வெளிவந்தது, அட்டையில் மடிப்பு இருக்கிறதா, இதே பொருள் போன தடவை ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது, எல்லாம் பார்ப்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டணம் என்ற கட்டம் வந்ததும் மட்டும் மனதில் தோன்றிய ஓர் எண்ணை நிரப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பொருள் விற்ற பிறகு கூரியர் கடையில் தராசில் வைக்கும்போதுதான் அந்த எண் எவ்வளவு தவறு என்று தெரியும். அப்போது மூன்று வழிகள்தான் மிச்சம். கைக்காசு போடலாம், வாங்கியவரிடம் கூடுதலாகக் கேட்டுச் சங்கடப்படலாம், இல்லையென்றால் பொதிகட்டுவதில் மிச்சம் பிடித்து நாற்பது ஐம்பது வருடம் பத்திரமாக இருந்த பொருளை வழியில் உடைய விடலாம். மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

வெளிநாட்டுப் பார்சல்களைப் பொதிந்து, சுங்க ஆவணம் தயாரித்து அனுப்பித் தருவது என் தொழில். அதில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதலில் பொருளைப் பொதிந்து பெட்டியை ஒட்டுங்கள், அளவெடுங்கள், எடை பாருங்கள், அப்புறம் லிஸ்டிங் (தளத்தில் விற்பனை அறிவிப்பு) போடுங்கள். பொருளின் எடையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அநேகமாகத் தவறாகத்தான் போகும்.

காரணம், கூரியர் நிறுவனங்கள் உங்கள் பொருள் எவ்வளவு கனம் என்பதோடு விமானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதையும் பார்க்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. பெரிய சர்வதேச கூரியர்கள் பெரும்பாலும் இந்த 5000-ஐத்தான் பயன்படுத்துகின்றன. நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம், அதையும் அடுத்த அரை கிலோவுக்கு ஏற்றிக்கொள்வார்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1:18 அளவிலான ஒரு உலோக மாதிரிக் கார், அதன் அசல் பெட்டி 33 × 16 × 14 செ.மீ. பொதிந்து முடித்த பிறகு மொத்த எடை 1.6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதிர்ச்சி தாங்கும் நிரப்புப் பொருளுக்காகச் சுற்றிலும் 5 செ.மீ. இடம் விட்டால் வெளிப்பெட்டி 43 × 26 × 24 ஆகிறது. கன அளவு எடை 5.37, அதாவது 5.5 கிலோவுக்குக் கட்டணம். அதே காருக்கு 3 செ.மீ. விட்டு இடைவெளி இல்லாமல் இறுக்கமாக நிரப்பினால் 39 × 22 × 20, கணக்கு 3.43, கட்டணம் 3.5 கிலோவுக்கு. பக்கத்துக்கு வெறும் 2 செ.மீ. வித்தியாசத்தில் 2 கிலோ குறைகிறது. இதைச் சொன்னதும் அப்படியானால் 1 செ.மீ. போதுமே என்று கேட்பார்கள். போதாது. உலோகக் காருக்கும் அட்டைப் பெட்டிக்கும் 3 செ.மீ. நன்றாக நிரப்பினால் தாங்கும், பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் தாங்காது, அவற்றுக்குப் பெட்டிக்குள் பெட்டி வைத்தே ஆக வேண்டும், அந்தச் செலவைக் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, அளவை எப்போதும் வெளிப்புறத்தில் எடுங்கள். கூரியர் மையத்தில் இயந்திரம்தான் அளக்கிறது, அதிகமாக அடைத்துப் பெட்டியின் வயிறு புடைத்திருந்தால் அந்தப் புடைப்பையும் சேர்த்தே அளக்கும்.

இதே காரை கூரியரில் அனுப்பாமல் தபாலில் அனுப்பினால் கணக்கே வேறு. உலக அஞ்சல் ஒன்றியம் 1874-ல் தொடங்கியது, இன்று 192 நாடுகள் அதில் உறுப்பினர்கள். நாடுகளுக்கிடையே தபால் போவது அதன் விதிகளின்படிதான். அந்த விதிகளில் சிறு பொதி என்று ஒரு வகை உண்டு: எடை 2 கிலோ வரை, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ.க்குள், எந்தப் பக்கமும் 60 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. இதற்கு வழக்கமாக நிஜ எடைதான் கணக்கு. இப்போது மேலே பார்த்த இரண்டு பெட்டிகளையும் கூட்டிப் பாருங்கள். பெரியது 93, சிறியது 81. சிறியது சிறு பொதியாகவே போய்விடும், பெரியது பார்சல் வகைக்குத் தள்ளப்படும். எடை இரண்டிலும் 2 கிலோவுக்குக் கீழேதான். இந்த எல்லைகளை எழுதி, பொதிகட்டும் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

தபால்தலையும் விளையாட்டு வீரர் அட்டைகளும் விற்பவர்கள், இது ஒரு உறைக்குள் போய்விடுமே, நமக்கென்ன என்று நினைக்கலாம். 2018 தொடக்கத்திலிருந்து உலக அஞ்சல் விதிகளின்படி வெளிநாட்டுக் கடித வகை ஆவணங்களுக்கு மட்டும்தான். விற்ற பொருள் உள்ளே இருந்தால் அது மெல்லிய உறையாக இருந்தாலும் சுங்கப் படிவத்தோடு சிறு பொதியாகப் போக வேண்டும் என்பதுதான் பொது நிலை. கடிதக் கட்டணத்தில் அனுப்பலாம் என்று கணக்குப் போட்டு விற்றால் உறை திரும்பி வரலாம்.

பலர் தாண்டிப் போய்விடும் இடம் இழப்பீடு. நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். சேகரிப்புப் பொருளின் குணமே எடை குறைவு, மதிப்பு அதிகம் என்பது. சர்வதேச விமானச் சரக்குக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை இழப்பீட்டு வரம்பை எடையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறது: 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஏறக்குறைய 1.4 அமெரிக்க டாலர். ஆக, 200 கிராம் எடையுள்ள ஒரு அபூர்வ அட்டை தொலைந்தால் இந்த வரம்பின்படி கையில் வருவது ஏழு டாலரைச் சுற்றித்தான். இழப்புக்கு நிறுவனம் அதிகப் பொறுப்பேற்கக் கூடுதல் கட்டணம் செலுத்தினாலும், பழம்பொருள், நாணயம், கலைப்பொருள் போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு என்றோ, இழப்பீடே கிடையாது என்றோ பல நிறுவனங்கள் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விலை உயர்ந்ததென்றால் சேகரிப்புப் பொருட்களுக்கென்றே இன்ஷூரன்ஸ் தருகிறவர்களிடம் தனியாக எடுத்து, அந்தத் தொகையை அனுப்பும் கட்டணத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்து ஓடிவிடுவார் என்ற பயம் வேண்டாம். நல்ல பொருளை வாங்குகிறவருக்கு அது பத்திரமாக வர வேண்டும் என்ற அக்கறை உங்களைவிட அதிகம்.

நாணயம், தங்கம், வெள்ளி, நகை இவற்றை இன்ஷூர் செய்யாத சாதாரணத் தபாலில் வைப்பதை உலக அஞ்சல் விதிகளே தடுக்கின்றன. நாணயம் விற்பவர்கள் மலிவான கட்டணத்தை லிஸ்டிங்கில் காட்டும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும். யானைத் தந்தம், கடலாமை ஓடு பதித்த பழைய பொருட்களுக்கு, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் உடன்படிக்கையின்படி அனுமதி வேண்டும், சில நாடுகளுக்கு அனுப்பவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 28 முதல் பழைய கலாச்சாரப் பொருட்கள் சிலவற்றுக்கு இறக்குமதி உரிமம் கேட்கிறது. 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அகழாய்வுப் பொருள் என்றால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் உரிமம் கட்டாயம்.

சரி, சுங்கத்துக்கு வருவோம். தபாலில் போகும் சிறு பொதிக்கு 300 எஸ்டிஆர் மதிப்பு வரை சிஎன் 22 என்ற சுங்கப் படிவம், அதற்கு மேல் சிஎன் 23. அதில் எழுதும் மதிப்பு விற்ற விலையாகவே இருக்க வேண்டும். வாங்குகிறவர் கெஞ்சிக் கேட்பார், அன்பளிப்பு என்று போடுங்கள், பாதி விலை போடுங்கள் என்று. செய்யாதீர்கள். அது பொய் அறிக்கை, அதற்குப் பெயர் போட்டுக் கையெழுத்து இடுகிறவர் நீங்கள். பொருள் தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த தொகைக்குமேல் வராது. பொருள் விவரத்திலும் ‘சேகரிப்புப் பொருள்’ என்று மொட்டையாக எழுதாமல், என்ன பொருள், எதனால் செய்தது, எந்தக் காலத்தது என்று எழுதுங்கள். சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்ணான எச்எஸ் குறியீட்டில் தபால்தலைக்கு 9704, வரலாற்று, நாணயவியல் மதிப்புள்ள சேகரிப்புக்கு 9705, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு 9706. இந்த வகைகளுக்குப் பல நாடுகளில் சுங்க வரி இல்லை அல்லது மிகக் குறைவு. ஆனால் சேகரிப்பாளர் வாங்குகிறார் என்பதற்காக ஒரு பொம்மை 9705 ஆகிவிடாது, அது 9503-தான்.

இந்த வரிகள் யார் தலையில் விழும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். டிஏபி என்றால் வாங்குகிறவர் அங்கே கட்டுவார், டிடிபி என்றால் நீங்கள் முன்கூட்டியே கட்டுகிறீர்கள். விதிகளோ மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்து 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான இறக்குமதிகளுக்கும் ஜிஎஸ்டி கேட்கிறது, பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021-ல் சிறு மதிப்புப் பொருட்களுக்கான வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை நீக்கின. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் உள்ளே விட்ட சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அந்தச் சமயத்தில் பல நாட்டுத் தபால் துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. போன வருடம் சேமித்து வைத்த கட்டணப் பட்டியலை இன்று பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவுக்கு 150 யூரோ வரையிலான பொருளை விற்பனைத் தளம் வழியாக விற்றால் தளமே வாட் வசூலித்து, வரி வாங்கியாயிற்று என்பதைக் காட்டும் ஒரு ஐஓஎஸ்எஸ் எண் தரும். அந்த எண்ணைக் கூரியர் அல்லது தபால் துறையின் மின்னணுத் தரவில் சேர்க்க மறந்தால், வாங்கியவரிடம் அதே வரியை இரண்டாவது முறை கேட்பார்கள். எத்தனையோ மோசமான விமர்சனங்களுக்கு இந்த ஒரு எண்தான் காரணம்.

இன்னும் ஒரு கணக்கு. பல விற்பனைத் தளங்கள் பொருளின் விலைக்கு மட்டுமின்றி அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்தே தங்கள் பங்கை எடுக்கின்றன. தளக் கட்டணம் 13 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கூரியருக்கு 100 கொடுக்க வேண்டிய இடத்தில் வாங்குகிறவரிடம் 100 வாங்கினால் 87-தான் உங்களிடம் வரும். 100-ஐ 0.87-ஆல் வகுத்து 115 வாங்கினால்தான் கணக்கு நேராகும். எரிபொருள் கூடுதல் கட்டணம் வாரா வாரம் கூட மாறும், தொலைதூரப் பகுதிக்குத் தனிக் கட்டணம் உண்டு. இந்த இரண்டையும் வாங்குகிறவரின் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும். அதனால் ‘உலகம் முழுக்க ஒரே கட்டணம்’ என்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பக்கத்து நாட்டுக்காரரிடம் அநியாயமாக வாங்குவீர்கள், தூரத்து நாட்டுக்காரருக்கு இழப்பீர்கள்.

நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் நாலைந்து பெட்டி அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும், கூரியர் நாடுகளைப் பிரித்து வைத்திருக்கும் ஒவ்வொரு மண்டலத்துக்கும் கட்டணம் எடுத்து ஒரு பட்டியல் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது புதுப்பியுங்கள். ஒன்றுக்கு மேல் வாங்குகிறவருக்குச் சேர்த்து அனுப்பும் கட்டணமும் அதில் இருக்கட்டும். எல்பி இசைத்தட்டுக்கான 35 × 35 × 4 செ.மீ. பெட்டி ஒரு தட்டு இருந்தாலும் கூரியரில் ஒரு கிலோதான், இரண்டு தட்டு வைத்தாலும் பெரும்பாலும் அதே ஒரு கிலோதான். இரண்டாவது தட்டுக்கு மறுபடி முழுக் கட்டணம் வாங்குவது நியாயமில்லை, வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும்.

கடைசியாக, பார்சல் போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சிஎன் 23 படிவத்தோடு போகும் தபால் பார்சல் என்றால், விநியோகிக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்பவா, கைவிடவா என்று அனுப்புகிறவரிடம் கேட்பார்கள். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும் பார்சலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும், உங்கள் நாட்டுச் சுங்கம் அதை புது இறக்குமதியாக நினைத்து வரி கேட்கவும் கூடும். ஆகவே அனுப்பும்போது எடுத்த ரசீது, இன்வாய்ஸ், பொருளின் படங்கள், சுங்கப் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், போனது இதே பொருள்தான் என்று காட்ட அவைதான் ஆதாரம். வாங்குகிறவர் பணம் கட்டியதும் அவருடைய தொலைபேசி எண்ணையும், அந்த நாட்டுச் சுங்கம் கேட்கும் அடையாள எண் ஏதாவது இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு, பிறகு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.