பிங்கோ தெரிந்த மூளை புது விளையாட்டைக் கற்கும்போது

புது விளையாட்டுப் பெட்டியைத் திறந்ததும் ஒருவர் விதித்தாளை எடுத்துச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், ஆட்டம் தொடங்கியதும் பாதி விதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. கவனிக்காததால் வரும் மறதி இல்லை இது. கேட்டதை அந்த நேரத்துக்கு மனதில் பிடித்து வைத்திருக்கும் செயல்நினைவில் ஒரே சமயத்தில் ஏறக்குறைய நான்கு துண்டுத் தகவல்தான் தங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். ஐந்தாவது விதியை வாசிக்கும்போது முதல் விதி நழுவிவிடுகிறது.

அதனால் மூளை குறுக்குவழியில் போகிறது. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த விளையாட்டு ஒன்றை எடுத்து, "சரி, இது அது மாதிரிதான்" என்று மொத்தமாகப் பொருத்திக்கொள்கிறது. பத்து விதிகள் ஒரே மூட்டையில் அடங்கிவிடுவதால் இது மிக நல்ல உத்தி, இது இல்லாமல் யாராலும் எதையும் சீக்கிரம் கற்க முடியாது. ஆனால் நாம் சொல்லாமலேயே மூட்டைக்குள் சில விதிகள் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முதல் ஆட்டத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை என்பது என் கணிப்பு.

டேக் இட் ஈசி என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். பீட்டர் பர்லி வடிவமைத்து 1983-இல் வெளிவந்தது. ஒவ்வொருவர் முன்னும் 19 அறுகோணக் கட்டங்கள் கொண்ட ஒரு பலகை, கூடவே 27 அறுகோண வில்லைகள். ஒருவர் மட்டும் தன் வில்லைகளைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அதில் உள்ள எண்களைச் சொல்வார். மற்றவர்கள் தங்களிடம் உள்ள அதே வில்லையைத் தேடி எடுத்து, விரும்பிய காலிக் கட்டத்தில் வைப்பார்கள். வைத்தது வைத்ததுதான், நகர்த்தக் கூடாது. 19 கட்டமும் நிரம்பியதும் ஆட்டம் முடிந்தது. ஒருவர் எண் சொல்ல எல்லோரும் தன் தன் பலகையைப் பார்ப்பதால், கேட்டவுடன் எவருக்கும், ஒருவர் சொல்லும் எண்ணைத் தன் அட்டையில் தேடி அடிக்கும் பிங்கோதான் நினைவுக்கு வரும்.

இங்கேதான் சிக்கல். பிங்கோவில் எண் என்பது வெறும் பெயர். 47 என்று சொன்னால் 47-ஐத் தேடி அடிக்கிறோம், 47 இருக்கும் இடத்தில் ஒரு குதிரைப் படம் இருந்தாலும் ஆட்டம் ஒரு துளியும் மாறாது. டேக் இட் ஈசியில் எண்தான் மதிப்பு. ஒவ்வொரு வில்லையிலும் மூன்று பட்டைகள் மூன்று திசைகளில் குறுக்கே ஓடும். நேர் மேல்கீழாக 1, 5, 9-இல் ஒன்று, ஒரு சாய்வில் 2, 6, 7-இல் ஒன்று, மறு சாய்வில் 3, 4, 8-இல் ஒன்று. பலகையின் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை ஒரு வரிசை முழுக்க ஒரே எண்ணாக ஓடினால், அந்த எண்ணை வரிசையின் நீளத்தால் பெருக்கிப் புள்ளி. ஐந்து கட்ட வரிசையில் ஐந்தும் 9 என்றால் 45. நான்கு 9, நடுவில் ஒரே ஒரு 5 நுழைந்துவிட்டது என்றால் பூஜ்யம். மூன்று கட்ட ஓர வரிசையில் மூன்றும் 1 என்றால் 3 புள்ளிதான், ஆனாலும் அது கையில் இருக்கும் 3 புள்ளி.

பழைய வழி எவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும் என்பதை ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட தண்ணீர்க் குடுவைச் சோதனைகள் அழகாகக் காட்டின. 21, 127, 3 அளவு பிடிக்கும் குடுவைகளைக் கொண்டு 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும்: 127-இலிருந்து 21 ஒரு முறை, 3 இரு முறை ஊற்றிவிட்டால் 100. இதே வழியில் தீரும் கணக்குகள் சிலவற்றைப் போட வைத்த பிறகு 23, 49, 3 குடுவைகளைக் கொடுத்து 20 கேட்டார். 23-இலிருந்து 3-ஐ எடுத்தால் முடிந்தது. ஆனால் பழகியவர்களில் பெரும்பாலோர் 49-லிருந்து சுற்றி வளைத்தே வந்தார்கள், பழகாதவர்களுக்கோ நேர்வழி சட்டென்று தெரிந்தது.

பிங்கோ பழகியவருக்கும் அதுதான் நடக்கிறது. 5×5 பிங்கோ அட்டையில் நடுக்கட்டம் இலவசம், எதுவும் செய்யாமலே கிடைப்பது. அந்தப் பழக்கத்தில் முதல் வில்லையை யோசிக்காமல் நடுவில் வைத்துவிடத் தோன்றும். இந்தப் பலகையில் நடுக்கட்டம் மூன்று ஐந்துகட்ட வரிசைகள் சந்திக்கும் இடம். அங்கே 1-2-3 வில்லை போய் உட்கார்ந்தால், 19-இல் 13 கட்டங்களைத் தொடும் மூன்று நீண்ட வரிசைகளும் மிகச் சிறிய எண்களுக்கு ஒதுங்கிவிட்டன என்று அர்த்தம். அந்த ஒரு கையசைவு ஆட்டத்தையே தீர்மானித்துவிடும்.

அப்புறம், காத்திருந்தால் வரும் என்ற நம்பிக்கை. பிங்கோவில் அட்டையில் இருக்கும் எண் என்றைக்காவது வந்தே தீரும், யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வி. இங்கே 27-இல் 8 வில்லைகள் வெளியே வராமலே போகும். 9 என்ற எண் ஒன்பது வில்லைகளில் இருக்கிறது, ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஆறு சொச்சம்தான் வரும். ஒன்பதும் வருவது கணக்குப்படி ஏறக்குறைய 50 ஆட்டங்களுக்கு ஒரு முறை. ஐந்து கட்ட வரிசை ஒன்றையும் நான்கு கட்ட வரிசை ஒன்றையும் 9-ஆல் நிரப்பப் பார்ப்பவர் அந்த 50-இல் ஒன்றை நம்பி உட்கார்ந்திருக்கிறார். எட்டக்கூடிய உச்சப் புள்ளி 307, அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்தை ஆடவே கூடாது.

அப்படியானால் எப்படிக் கற்பது, கற்றுக்கொடுப்பது? ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் அல்ஜீப்ரா கற்பவர்களை வைத்துப் பார்த்ததில், தீர்த்து வைத்த கணக்குகளைப் படித்தவர்கள், எல்லாவற்றையும் தாங்களே போட்டு முட்டிமோதியவர்களை விட அதே மாதிரியான புதுக் கணக்குகளை வேகமாகப் போட்டார்கள். தேடுவதிலேயே செலவாகும் மனத்திறன் புரிந்துகொள்ளக் கிடைக்கிறது என்பது இதற்கு அவர்கள் தந்த விளக்கம். அதனால் விதித்தாளை மேலிருந்து கீழே வாசிக்காமல், ஏற்கெனவே நிரம்பிய ஒரு பலகையை மேசையில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுப் புள்ளி எண்ணிக் காட்டுங்கள். உடைந்த வரிசை ஒன்றாவது அதில் இருக்கட்டும், அதற்கு ஏன் பூஜ்யம் என்று கற்பவரே சொல்லட்டும். இரண்டு நிமிடம் போதும். எண் என்றால் இங்கே என்ன என்பது அதற்குள் பிடிபட்டுவிடும், மற்ற விதிகளெல்லாம் அதில் தானாகத் தொங்கிக்கொள்ளும். பிறகு "பிங்கோ மாதிரி" என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அதே மூச்சில் "வைத்தால் நகர்த்த முடியாது, நடு இலவசம் இல்லை, எல்லா வில்லையும் வராது" என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது. எல்லோருக்கும் வந்தது அதே 19 வில்லைகள், அதே வரிசையில். பலகைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, முதலில் வந்த வில்லையை யார் எங்கே வைத்தார், இரண்டாவதை எங்கே என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாறு வில்லைகளுக்குள்ளேயே பலகைகள் பிரிந்து போயிருக்கும். பிரிந்த அந்த இடத்தில் "இதை ஏன் இங்கே வைத்தாய்?" என்று கேட்டால், அவர் மனதில் எந்தப் பழைய விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிடும்.