வெளுப்பு அல்ல, வெளிறல்

மன்னார் வளைகுடாவில் கோடை நீர் சூடேறினால் போதும், "பவளப்பாறை வெளுப்பு" என்று செய்தி வந்துவிடுகிறது. வெண்ணிறப் படத்தின் அடியில் "இறந்த பவளம்" என்ற குறிப்பு வேறு. இரண்டும் பிழை.

மூலச்சொல் 'கோரல் ப்ளீச்சிங்'. ப்ளீச் பழைய ஜெர்மானிய வேர். வெண்மையாக்குவதற்கும் வெண்மையாவதற்கும் அதுவே. நம் 'வெளு'வும் அப்படித்தான்: கிழக்கும் வெளுக்கும், துணியையும் வெளுப்போம். சிக்கல் இங்கேதான். வெளுப்பு என்றதும் சலவையும் ப்ளீச்சிங் பவுடரும் நினைவில் எழுகின்றன, யாரோ கடலில் மருந்து கொட்டியதுபோல. அழுக்கு போனது நல்லதுதானே என்ற தொனியும் ஒட்டிக்கொள்கிறது.

வெளிறு என்பதோ செயப்படுபொருள் குன்றிய வினை. எதையும் யாரும் வெளிற முடியாது. அச்சத்தில் முகம் வெளிறும், சோகையில் உதடு வெளிறும். உயிருள்ள உடம்பு நலிவதைச் சொல்லும் சொல் அது. வயிரம் பாயாத மரத்துக்கும் வெளிறு என்று பெயர். 503ஆம் குறளில் அறியாமைக்கு. உள்ளே இருக்கவேண்டியது இல்லாமற்போவதே வெளிறு.

பவளத்துக்கு நேர்வதும் அதுதான். பவளம் என்பது பாலிப் என்ற சிற்றுயிர்களின் கூட்டம். பாலிப்பின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி அதன் ஆற்றலில் 90 விழுக்காடு வரை தருகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி 4 வாரம் நீடித்தால், பாசியின் ஒளிச்சேர்க்கை குலைந்து நச்சாகும் ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். கண்ணாடிபோன்ற சதை வழியே சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. புதிதாக எந்த நிறமும் ஏறவில்லை, ஆகவே சிலர் எழுதும் "நிறமாற்றம்" அறவே பொருந்தாது. வெளிறிய பவளம் பட்டினி கிடக்கிறது, சாகவில்லை. வெப்பம் தணிந்தால் சில வாரங்களில், மாதங்களில் பாசி திரும்பும். அதே வெப்பம் 8 வாரம் தாண்டினால் சாவு பரவும். செத்த கூட்டின் வெண்மையும் நிலைக்காது. இழைப்பாசி படர்ந்து பச்சையும் பழுப்புமாகிவிடும்.

"எல் நினோவின் விளைவு", அதாவது பசிபிக் கடல்நீர் அவ்வப்போது இயல்பாகச் சூடேறுவதன் விளைவு, என்று எழுதி முடித்துவிடும் வழக்கமும் தவறு. எல் நினோவும், வெள்ளம் கொண்டுவரும் நன்னீரும், கடுங்குளிரும் பவளத்தை வெளிறச் செய்வது உண்மையே. ஆனால் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு, நீரைக் குளிர்விக்கவேண்டிய லா நினா நிலவிய 2022லேயே பெருமளவில் வெளிறியது. மனிதர் ஏற்றிய வெப்பத்தைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது.

வெளிறுவது பாறையும் அல்ல. எனவே 'பவள வெளிறல்' என்றே எழுதுவோம். இறப்புக்குப் 'பவள மடிவு' தனியே இருக்கட்டும். இழைப்பாசி மூடிய படத்துக்கு அதுதான் சரியான குறிப்பு.