புல்லு போன வழியில சிங்கம் போச்சு

அலாஸ்காவுல சிங்க எலும்பு கிடைச்சிருக்கு. சைபீரியாவுல யாகுட்டியா பக்கம் ஐஸ்ல உறைஞ்ச சிங்கக்குட்டியே முழுசா, மீசை முடி கூட கலையாம கிடைச்சிருக்கு. இலங்கையில பல்லு, உக்ரைன்லயும் பல்கேரியாலயும் கிரீஸ்லயும் எலும்பு. இன்னைக்கு பாத்தா சஹாராவுக்கு தெக்க ஆப்பிரிக்காவுல திட்டுத்திட்டா கொஞ்சம், அப்புறம் குஜராத்ல கிர் காடு, அவ்ளோதான். எல்லாம் மனுஷன் வேலைன்னு உடனே சொல்லிடுவோம். கடைசி சில ஆயிரம் வருஷத்துக்கு அது சரிதான், ஆனா அதுக்கு முன்னாடி லட்சக்கணக்கான வருஷமா சிங்கத்தோட எல்லைய அழிச்சு அழிச்சு வரைஞ்சிட்டு இருந்தது மழையும் பனியும்தான்.

சிங்கம் கூட்டமா வாழுற மிருகம், கூட்டத்துக்கே வயிறு நிறையணும்னா வரிக்குதிரை, எருமை, வில்டபீஸ்ட் மாதிரி பெரிய இரை நிறைய வேணும், அதுங்களுக்கு புல்லு வேணும், புல்லுக்கு அளவான மழை வேணும். மழை ரொம்ப கொறஞ்சா பாலைவனம், ரொம்ப கூடினா மரம் மேல மரம் அடைச்சு மழைக்காடு ஆயிடும், அங்க தரையில வெளிச்சமே விழாது, புல்லு கிடையாது, பெரிய மந்தையும் கிடையாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற புல்வெளியும் திறந்த காடும்தான் சிங்கத்தோட இடம். அந்த நடுப்பட்டை எப்பவும் ஒரே இடத்துல நின்னதில்ல.

சஹாராவையே எடுத்துக்கோங்க. சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னாடில இருந்து 5,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அதோட பெரும்பகுதி பச்சையா இருந்துச்சு. காரணம் வானத்துல இருக்கு: பூமியோட அச்சு பம்பரம் தள்ளாடுற மாதிரி மெதுவா ஆடுது, அதனால பூமி சூரியனுக்கு ரொம்ப பக்கத்துல வர்ற மாசம் சுமார் 20,000 வருஷத்துக்கு ஒரு சுத்து மாறிக்கிட்டே வருது. இப்போ அது ஜனவரி, அதாவது வடக்குல குளிர்காலம். அப்போ வடக்குல கோடை. கோடையில வெயில் கூட அடிச்சதால நிலம் நல்லா சூடாச்சு, கடல்ல இருந்து ஈரக்காத்த இன்னும் உள்ள இழுத்துச்சு, ஆப்பிரிக்க மான்சூன் பல நூறு கிலோமீட்டர் வடக்க ஏறிப் போச்சு. சாட் ஏரி கிட்டத்தட்ட காஸ்பியன் கடல் சைஸுக்கு விரிஞ்சு கிடந்துச்சாம். அல்ஜீரியாவுல தாசிலி பாறைகள்ல நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி, யானை எல்லாம் வரைஞ்சு வெச்சிருக்காங்க, கண்ணால பாக்காம வரைஞ்சிருக்க முடியாது. சாட் நாட்டுல என்னெடி மலைக்கு நடுவுல ஒரு சுனையில இன்னும் சில முதலைங்க மாட்டிக்கிட்டு உயிரோட இருக்கு, சுத்தி எல்லாப்பக்கமும் பாலைவனம்! அப்புறம் மான்சூன் பின்வாங்கினதும் எல்லாம் காஞ்சு போச்சு. ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைக்கு வெளிய கடல் அடிவண்டல்ல தூசு திடீர்னு அதிகமாகுற ஒரு அடுக்கு இருக்கு, காத்து அள்ளிட்டு வந்த சஹாரா மண்ணு அது, அத வெச்சுத்தான் எப்ப காஞ்சதுன்னு இவ்ளோ தெளிவா சொல்ல முடியுது.

சஹாரா பச்சையா இருந்தா சிங்கத்துக்கு கொண்டாட்டம்னு தோணும். பாதி உண்மை. அதே ஈரமான காலத்துல மத்திய ஆப்பிரிக்காவோட மழைக்காடும் வீங்கி கிழக்க பரவும், அது வடக்கு சிங்கத்தையும் தெக்கு சிங்கத்தையும் பிரிச்சிடும். காலநிலை வறண்டா மழைக்காடு சுருங்கி அந்த வழி திறக்கும், ஆனா சஹாரா விரிஞ்சு வடக்க போற வழி அடைச்சிடும். ஒரு கதவு திறந்தா இன்னொரு கதவு சாத்திக்கும். லட்சம் வருஷத்துக்கு மேல இப்படியே நடந்திருக்கு.

இது வெறும் ஊகம் இல்ல, டிஎன்ஏல பதிஞ்சிருக்கு. இன்னைக்கு இருக்குற சிங்கங்கள் ரெண்டு பெரிய கிளை: மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா, கிர், அழிஞ்சு போன வட ஆப்பிரிக்க சிங்கம் எல்லாம் ஒண்ணு, கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கா இன்னொண்ணு. அதாவது கிர் சிங்கத்துக்கு தான்சானியா சிங்கத்த விட செனகல் சிங்கம்தான் நெருங்கின சொந்தம், மேப்ப வெச்சு பாத்தா இது தலைகீழா தெரியும், ஆனா பாலைவனமும் காடும் எங்க குறுக்க நின்னுச்சுன்னு பாத்தா சரியா வரும். எப்ப பிரிஞ்சதுங்குறதுல கணக்கு வேற வேற. தாய் வழியா மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வெச்சு 2014ல போட்ட கணக்கு சுமார் 1,24,000 வருஷம்னு சொல்லுச்சு, அது பூமி நல்லா சூடா ஈரமா இருந்த காலம். 2020ல முழு ஜீனோமையும், அதாவது அப்பா அம்மா ரெண்டு வழியிலயும் வர்ற மொத்த டிஎன்ஏவையும், படிச்சப்போ சுமார் 70,000 வருஷம்னு வந்துச்சு. பெண் சிங்கம் பெரும்பாலும் பொறந்த கூட்டத்தோடவே இருந்துடும், ஆண் சிங்கம்தான் ஊர் ஊரா அலையும், அதனால தாய் வழி கதையும் முழு ஜீனோம் கதையும் ஒத்துப்போகாம இருக்குறதுல பெரிய ஆச்சரியம் இல்ல. பிரிஞ்சதுக்கு அப்புறமும் வழி திறந்தப்பல்லாம் ரெண்டும் கலந்திருக்கு, மத்திய ஆப்பிரிக்க சிங்கங்கள்ல அந்த கலப்பு தெரியுது.

இப்ப வடக்க போவோம், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இதுதான். யூரோப்ல இருந்து சைபீரியா வழியா அலாஸ்கா வரைக்கும் வாழ்ந்தது குகை சிங்கம். நம்ம சிங்கத்தோட தாத்தா கிடையாது, சுமார் 5 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே பிரிஞ்சு போன பங்காளி. பனியுகம்னா எங்க பாத்தாலும் பனிக்கட்டின்னு நெனச்சுப்போம், ஆனா வடக்கு யூரேசியாவுல பெரும்பகுதி குளிரா, ரொம்ப வறண்டு கிடந்துச்சு, மரம் வளர ஈரம் பத்தல, அதனால கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்லு. மாமூத், காட்டெருமை, குதிரை, பனிமான்னு அங்க மேய்ச்சல் கூட்டம் எக்கச்சக்கம். தண்ணியெல்லாம் பனிப்பாறையில மாட்டிக்கிட்டதால கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு, சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே தரை, சிங்கம் நடந்தே போச்சு. யாகுட்டியாவுல கிடைச்ச ஸ்பார்ட்டாங்குற குட்டிக்கு வயசு சுமார் 28,000 வருஷம். பிரான்ஸ்ல ஷோவே குகையில 30,000 வருஷத்துக்கு மேல பழைய சித்திரங்கள் இருக்கு, அதுல சிங்கம் எதுக்கும் பிடரி மயிர் இல்ல, ஆணுக்கும் இல்ல.

சுமார் 14,700 வருஷத்துக்கு முன்னாடி வடக்கு சட்டுனு சூடாச்சு. சூடோட ஈரமும் வந்துச்சு, புல்லு இருந்த இடத்துல புதர், அப்புறம் மரம், சதுப்பு. மேய்ச்சல் கூட்டம் கொறஞ்சுது. சுமார் 14,000 வருஷத்துக்கு முந்தின காலத்தோட யூரேசியாவுல குகை சிங்கத்தோட எலும்பு கிடைக்கிறது நின்னு போகுது, அலாஸ்காவுல கொஞ்சம் தள்ளி அதே கதை. முழுப்பழியும் காலநிலை மேல போடுறது எனக்கு சரியா படல, ஏன்னா 1,25,000 வருஷத்துக்கு முன்னாடி இத விட சூடான காலத்தையும் இதே குகை சிங்கம் தாண்டி வந்திருக்கு. இந்த தடவை கூடுதலா இருந்தது ஈட்டியோட நின்ன மனுஷன். சுருங்கிப்போன புல்வெளியில மிச்சம் இருந்த இரைக்கு ரெண்டு பேரும் போட்டி போட்டாங்கன்னா கணக்கு ஓரளவு பொருந்துது.

அது காலி பண்ணின இடத்துல கொஞ்சத்த நம்ம சிங்கம் புடிச்சுக்கிச்சு. பனியுகம் முடிஞ்ச பிறகு மேற்கு ஆசியா வழியா பால்கன், ஹங்கேரி, உக்ரைன் வரைக்கும் ஏறியிருக்கு. கி.மு. 480ல பாரசீக ராஜா செர்க்சஸோட படை கிரீஸுக்கு போறப்போ ராத்திரி சிங்கம் எறங்கி வந்து ஒட்டகத்த மட்டும் அடிச்சுதுன்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வெச்சிருக்காரு. அங்க அது அழிஞ்சதுக்கு காலநிலைய கூப்பிட வேண்டியதில்ல, விவசாயமும் வேட்டையும் போதும்.

இலங்கைல நடந்தது இதுக்கு நேர் எதிர்பக்கம். இலங்கை ஆராய்ச்சியாளர் பி.இ.பி. தெரணியகல 1939ல ரெண்டு பல்ல வெச்சு அங்க ஒரு சிங்கம் இருந்துச்சுன்னு விவரிச்சாரு. திறந்தவெளி போய் காடு அடைச்சதால சிங்கம் மறைஞ்சிருக்கும், காட்டுக்குள்ள மறைஞ்சு தனியா வேட்டையாடுற புலி உள்ள வந்திருக்கும்னு ஒரு கருத்து இருக்கு, அங்க சுமார் 16,500 வருஷம் பழைய புலி எலும்பும் கிடைச்சிருக்கு. இன்னைக்கு ரெண்டுமே அங்க இல்ல.

20ம் நூற்றாண்டுக்கு வந்துட்டா மொரோக்கோலயும் ஈரான்லயும் சிங்கத்த முடிச்சது துப்பாக்கி, அதுக்கு வறட்சிய சாட்சிக்கு கூப்பிடக்கூடாது. ஆனா காலநிலை ஒதுங்கிடல, வேற வழியா வருது. 1994ல தான்சானியாவோட செரெங்கேட்டி புல்வெளியில சுமார் ஆயிரம் சிங்கம், மூணுல ஒரு பங்கு, செத்துப் போச்சு. நாய்ங்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ்னு சொன்னாங்க, ஆனா அதே வைரஸ் அதுக்கு முன்னாடியும் வந்து பெருசா சேதம் இல்லாம போயிருந்துச்சு. பின்னாடி ரத்த மாதிரிய அலசினப்போதான் புரிஞ்சுது: கடும் வறட்சியில எருமைங்க நோஞ்சானாகி உடம்பெல்லாம் உண்ணி, அத தின்ன சிங்கத்துக்கும் உண்ணி ஏறி பாபேசியாங்குற ரத்த ஒட்டுண்ணி பரவியிருக்கு, வைரஸ் வந்து எதிர்ப்பு சக்திய அடக்கினதும் அந்த ஒட்டுண்ணி அடிச்சு போட்டுடுச்சு. 2001ல பக்கத்துல இருக்குற ங்கோரோங்கோரோலயும் இதே கூட்டணி.

2018ல கிர்ல ஒரே பகுதியில 20க்கு மேல சிங்கம் செத்தப்போ டிஸ்டெம்பரும் பாபேசியாவும் ரெண்டும் கண்டுபுடிச்சாங்க. 2025 கணக்குப்படி கிர்லயும் அத சுத்தியுள்ள மாவட்டங்கள்லயும் 891 சிங்கம், எல்லாம் குஜராத்துக்குள்ளயே. முன்ன மாதிரி புல்லு தேடி நாடு விட்டு நாடு நடக்க வழி கிடையாது, வயலும் ரோடும் ரயிலும் குறுக்க இருக்கு, அதனால வேற இடத்துல ஒரு கூட்டம் வைக்கணும்னா மனுஷன்தான் தூக்கிட்டு போகணும். கொஞ்சத்த மத்தியப் பிரதேசத்துல குனோ தேசியப் பூங்காவுக்கு மாத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட் 2013ல சொல்லிடுச்சு. 2022ல குனோவுக்கு வந்து எறங்கினது நமீபியாவோட சீட்டா, அதாவது சிவிங்கிப்புலி.