மொரிஷியஸ், ரீயூனியன் உறவுகள் ஊர் தேடி வரும்போது

மொரிஷியஸிலிருந்து ஒருவர் வந்து, "எங்கள் பாட்டனாருக்கு முன்னோர் திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து கப்பலேறினாராம், ஊரைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்றால், நம்மவர்கள் உடனே குடும்பப் பெயரைக் கேட்கிறார்கள். தேடல் அங்கேயே தடம் மாறிவிடுகிறது. கேட்க வேண்டியது முன்னோரின் குடியேற்ற இலக்கம்.

1834 முதல் 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் நான்கரை லட்சம் இந்தியர்கள் மொரிஷியஸில் இறங்கினார்கள். தமிழர்களில் பெரும்பாலோர் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்கள். போர்ட் லூயிஸில் அவர்கள் ஏறிய கல்படிகள் ஆப்ரவாசி காட் என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் அந்த இடம் சேர்ந்தது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் தரப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், மாவட்டம், தாலுகா, ஊர், கப்பல், வந்த தேதி, அனுப்பப்பட்ட கரும்புத் தோட்டம் என எல்லாம் அந்த இலக்கத்தின் கீழ்தான் பதிவானது. 1860-களின் பிற்பகுதியிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு. இந்தப் பதிவேடுகள் இப்போது மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஆகவே தேடலைத் தீவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரவேண்டும். வந்தவரின் சொந்தப் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, பிறகு அவர்களுடைய பெற்றோர் என ஒரு தலைமுறையும் விடாமல் அங்குள்ள குடிசார் பதிவகத்தில் சான்று எடுத்தபடி போனால், முதலில் வந்தவருடைய திருமணப் பதிவிலோ, இறப்புப் பதிவிலோ, தீவில் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவிலோ பெயருக்குப் பக்கத்தில் அந்த இலக்கம் அகப்படும். அதைக் காட்டினால் காப்பகத்தில் சரியான ஆளின் பதிவு கிடைக்கும். இலக்கமில்லாமல் 'ராமசாமி' என்று மட்டும் கேட்டால் நூற்றுக்கணக்கான ராமசாமிகள் வருவார்கள்.

குடும்பப் பெயரை நம்ப முடியாததற்குக் காரணம் உண்டு. கப்பலேறியவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயரும் தகப்பன் பெயரும்தான். தீவின் எழுத்தர் அவற்றில் ஏதோ ஒன்றைப் பிள்ளைகளின் குடும்பப் பெயராக்கினார். ஒரே வீட்டுச் சகோதரர்கள் இரண்டு வெவ்வேறு பெயர்களில் பதிவானதும் உண்டு. சமயச் சடங்கோடு மட்டும் நடந்த திருமணங்கள் நெடுங்காலம் சட்டக் கணக்கில் ஏறாததால், தாயின் பெயரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. இந்த இடத்தில் சங்கிலி அறுந்ததாக எண்ணிப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அறுந்திருக்காது. தாயின் வழியில் ஒரு படி ஏறிப் பாருங்கள்.

எழுத்துக்கூட்டலும் குழப்பும். மொரிஷியஸ் ஆங்கிலேயர் கையில் இருந்தாலும் எழுத்தர்களின் காது பிரெஞ்சுக் காது. 'உ' ஒலியை ஓ, யூ (ou) என்ற இரண்டு எழுத்தால் எழுதுவார்கள். அதை ஆங்கில முறையில் படிப்பவருக்கு 'முத்து' 'மௌட்டௌ' ஆகிவிடும். வேலாயுதன் 'வலாய்டன்' ஆனார். பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்காமல், தீவுக்காரரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் காதால் கேளுங்கள். பாதிப் புதிர் அப்போதே அவிழும்.

பதிவில் ஊர் கிடைத்த பிறகுதான் நம் பக்கத்து வேலை. 'தென் ஆற்காடு' என்றிருந்தால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றிலும் தேட வேண்டும். 'தஞ்சாவூர்' என்றால் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறையும் சேரும். 'வட ஆற்காடு' இன்னும் சிக்கல்: வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மட்டுமல்ல, 1911-ல் பிரிந்துபோன சித்தூர்ப் பகுதியும் அதில் அடக்கம். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இணைய வரைபடத்தில் தேடினால் புதூரும் நல்லூரும் மாவட்டத்துக்குப் பத்து வரும். தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு, பழைய மெட்ராஸ் மாகாணத்தின் தாலுகாவாரி ஊர்ப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால், காப்பகத்தில் அதே கப்பலில் வந்த முன்பின் இலக்கங்களையும் கேட்கச் சொல்லுங்கள். ஓர் ஊர்க்காரர்கள் சேர்ந்தே பதிவானதுண்டு; பக்கத்து இலக்கத்தில் அதே ஊர் தெளிவான எழுத்தில் இருக்கக்கூடும்.

பதிவேட்டின் ஊர்ப் பகுதியில் வெறும் 'மெட்ராஸ்' என்றிருந்தால் சென்னைத் தெருக்களில் அலைய வேண்டாம். கப்பலேறிய இடத்தையே ஊராக எழுதியிருக்கலாம். சாதிப் பகுதியில் 'மலபார்' என்றிருப்பதைப் பார்த்துக் கேரளாவுக்குப் போவதும் வீண் செலவு. அந்தத் தீவுகளில் தமிழரைக் குறித்த சொல் அது. ரீயூனியனில் இன்றும் தமிழ் வழியினர் 'மல்பார்'தான்.

ரீயூனியன்காரர்களுக்கு வழி வேறு. அது பிரான்சின் பகுதி. 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபின் ஒப்பந்த ஆட்கள் பெருமளவில் போனார்கள். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போவது 1882-ல் நிறுத்தப்பட்டது. அங்கும் ஆளுக்கோர் இலக்கம் உண்டு, 'மத்ரிக்யூல்' என்பார்கள். பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைப் பிரான்சின் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மற்றவை சேன் தெனியில் உள்ள தீவின் காப்பகத்தில். பதிவில் புதுச்சேரி, காரைக்கால் என்றிருந்தால் அதுவும் துறைமுகத்தின் பெயராக இருக்கலாம். ஆள் தஞ்சாவூர்ச் சீமையின் உள்ளூரைச் சேர்ந்தவராகக்கூட இருப்பார்.

இங்கே பணம் பறிபோகும் இடம் ஒன்று உண்டு. 1860-ல் பிறந்த முன்னோருக்குத் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்று வாங்கித் தருவதாகச் சிலர் முன்பணம் கேட்பார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது. கூலிக்குப் போனவர்களில் பலருக்கு நிலமே இல்லாததால் நில ஆவணத்திலும் பெயர் அகப்படுவது அரிது. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்காக வருபவர்களுக்கும் நம் ஊரில் வாங்கும் கடிதம் தீவுச் சான்றுகளுக்கு எந்த வகையிலும் மாற்றாகாது. மொரிஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை அந்த அட்டை கிடைக்கும் என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்தது. அதற்குத் தேவை மோக்காப் பதிவேட்டுச் சான்றும், தலைமுறை விடாத குடிசார் சான்றுகளும்தான். விண்ணப்பிக்க வேண்டியது போர்ட் லூயிஸ் இந்தியத் தூதரகத்தில்.

ஊர் உறுதியானபின் ஆளை நேரே அழைத்துப்போய் நிறுத்தாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பங்காளி வந்திருக்கிறார் என்றால், நிலத்தில் பங்கு கேட்க வந்தாரோ என்ற அச்சம் முதலில் எழும். வாய் திறக்க மாட்டார்கள். ஒரு வாரம் முன்பே கிராம நிர்வாக அலுவலரையும் கோயில் தர்மகர்த்தாவையும் பார்த்து, சொத்துக்காக இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதிவேட்டுப் பிரதியையும் புகைப்படத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். தீவில் அந்தக் குடும்பம் இன்றும் கும்பிடும் சாமியின் பெயரையும் சொல்லுங்கள். மதுரைவீரனோ, திரௌபதியம்மனோ, பேச்சியம்மனோ, அதே சாமியைக் குலதெய்வமாக வைத்திருக்கும் வகையறா அந்த ஊரில் எது என்று விசாரித்து, அந்த வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள்.