குழாயோடு இடம் மாறும் சதை

போன வருஷம் வண்டலூர் பக்கம் எங்கள் சித்தி பையனின் பைக் மணலில் சறுக்கி, பின்னால் வந்த தண்ணீர் லாரியின் டயர் அவன் வலது கால் மேல் ஏறிவிட்டது. எலும்புக்குக் கம்பி போட்டாயிற்று, சரி, இனி கட்டுப் போட்டு நாலு நாளில் அனுப்பிவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், கணுக்காலுக்கு மேலே ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோலும் சதையும் போய்விட்டது, எலும்பு வெளியே தெரிகிறது, பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் வந்து 'ஃபிளாப்' போட வேண்டும் என்றார்கள். "கால்ல பிளாஸ்டிக்கா வைக்கப் போறீங்க?" என்று சித்தி கேட்டே விட்டார். சிரிக்காதீர்கள், பலருக்கும் உள்ள சந்தேகம்தான். உருவம் கொடுப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே இந்த அறுவைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

எனக்கு வேறு சந்தேகம். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினால் போதாதா? தீக்காயத்துக்கு அப்படித்தானே செய்கிறார்கள்?

அது கிராஃப்ட். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமனில் தோலைச் சீவி எடுத்துப் புண்ணின் மேல் விரிக்கிறார்கள். அந்தத் தோலோடு ரத்தக்குழாய் எதுவும் வருவதில்லை. முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சிப் பிழைத்துக் கிடக்கும், அதற்குள் அடியிலிருந்து நுண்குழாய்கள் வந்து சேர்ந்தால் உயிர் பிடிக்கும். அதனால் அடித்தளம் தொட்டால் ரத்தம் கசிகிற மாதிரி சிவப்பாக இருந்தாக வேண்டும். மேலுறை உரிந்துபோன எலும்பும், உறை போன தசைநாரும் அப்படி இருக்காது, அங்கே கிராஃப்ட் போடுவது பாறையில் நாற்று நடுவது போலத்தான்.

ஃபிளாப்பைத் தமிழில் திசு மடல் என்கிறார்கள். காது மடல், வாழை மடல் என்கிறோமே, அந்த மடல்தான், பொருத்தமான பெயர். தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசை எல்லாம் சேர்ந்த கனமான துண்டு இது. சென்னைக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்: கிராஃப்ட் என்பது தண்ணீர் வசதி இல்லாத வீட்டுக்குக் குடி வந்து, அக்கம்பக்கத்தில் குடத்தை நீட்டிப் பிழைக்கும் குடும்பம், மடலோ மெட்ரோ வாட்டர் லைன், டிரெய்னேஜ் லைன் இரண்டையும் கையோடு கொண்டு வந்து இறங்குகிற குடும்பம். உள்ளே வரும் லைன் தமனி, வெளியே போகும் லைன் சிரை.

லைனைத் துண்டிக்காமலேயே சதையைத் திருப்பிப் போட முடிந்தால் அதுதான் சுலபம். முழங்காலுக்குக் கீழே மேல் பகுதியில் காயம் என்றால் கெண்டைக்கால் தசையின் ஒரு பாதியைக் கீழ்முனையில் வெட்டி முன்பக்கம் திருப்புவார்கள். அதற்கு ரத்தம் முழங்கால் பக்கமிருந்து வருவதால் கீழே வெட்டினாலும் சாகாது, மிச்சத் தசைகளே நடக்கப் போதும். நடுப்பகுதிக்கு அதன் அடியில் இருக்கும் இன்னொரு தசை. கணுக்கால் பக்கம் வந்தால்தான் சிக்கல். உங்கள் காலையே தொட்டுப் பாருங்கள், அங்கே தோல், நரம்பு, எலும்பு, அவ்வளவுதான். கடன் கொடுக்கச் சதை இல்லை. பக்கத்துத் தோலையே காம்போடு, அதாவது ரத்தம் வரும் ஒரு முனையை வெட்டாமல் விட்டு, திருப்பும் வழிகளும் உண்டு, ஆனால் லாரி டயர் ஏறிய காலில் அந்தத் தோலும் அடி வாங்கியிருக்கும்.

காம்போடு திருப்பும் வித்தை நமக்குப் புதிதும் அல்ல. மூக்கறுந்தவர்களுக்குக் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. புனே அருகே ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலை, புருவ நடுவில் காம்பு விட்டு, கீழே திருப்பி மூக்கு வைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்த பிறகுதான் ஐரோப்பிய டாக்டர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். கைக்கும் இதே தந்திரம் உண்டு. வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடஸ்வாமி ஒரு பிரிவைத் தொடங்கினார். இந்த மாதிரி வார்டுகளில் சில நோயாளிகள் கையை அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்கலாம். பார்த்தால் பகீரென்றுதான் இருக்கும். கவட்டிப் பக்கத்துத் தோல் மடலின் ஒரு முனை கையில், மறு முனை பழைய இடத்தில். சுமார் மூன்று வாரத்தில் கையிலிருந்து புதுக் குழாய்கள் மடலுக்குள் வளர்ந்துவிடும், அப்புறம் பழைய லைனை வெட்டிவிடலாம்.

எங்கள் பையனுக்கு அதெல்லாம் சரிப்படாது. தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து தோலும் கொழுப்புமாக ஒரு துண்டை, அதன் தமனி சிரையோடு முழுசாக வெட்டி எடுத்து, கணுக்காலில் வைத்து மறுபடி இணைத்தார்கள். குழாயின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் சுமார். தைக்கும் நைலான் இழை தலைமுடியில் பாதித் தடிமன்தான், அதனால் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபடி தைக்கிறார்கள். 1960-ல் அமெரிக்காவில் மைக்ராஸ்கோப் வைத்துச் சின்னக் குழாய்களை இணைத்துக் காட்டிய பிறகே இது சாத்தியமானது. 1973-ல் ஆஸ்திரேலியாவில் டேனியல், டெய்லர் என்ற இருவர் கவட்டித் தோலைக் காலுக்கு இப்படி மாற்றியதை வெளியிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இணைக்கும் விதம். பாதத்துக்குப் போகும் முக்கியத் தமனியை வெட்டினால் பாதம் பாதிக்கப்படலாம் இல்லையா, அதனால் அதை வெட்டாமல் பக்கவாட்டில் சின்ன ஓட்டை போட்டு மடலின் குழாயை அங்கே தைக்கிறார்கள். நம்ம பிளம்பர் மெயின் பைப்பில் சைடு கனெக்ஷன் எடுப்பாரே, அச்சு அசல் அதேதான். அதுவும் அடிபட்ட இடத்தைத் தாண்டி நல்ல குழாய் இருக்கும் இடமாகப் பார்த்து.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். அன்றைய யுகோஸ்லாவியாவின் லூப்லியானாவில் இருந்த டாக்டர் மார்கோ கோடினா தொகுத்த 532 நோயாளிகளின் விவரம் 1986-ல் வெளியானது. 72 மணி நேரத்துக்குள் மடல் வைத்தவர்களில் அது தோற்றது 0.75 சதவீதம், மூன்று நாளிலிருந்து மூன்று மாதம் வரை தள்ளிப்போட்டவர்களில் 12 சதவீதம். தாமதமாக ஆக காயத்தில் கிருமி குடியேறும், சுற்றியுள்ள குழாய்கள் வீங்கித் தழும்பாகித் தைக்கவே வராது. காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணக்குப் போட நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை உருவாக்கிய மதிப்பெண் முறையும் இருக்கிறது: தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றின் சேதத்துக்கும் 1 முதல் 5 வரை, சர்க்கரை போன்ற பிற பிரச்சினைகளுக்குத் தனி மதிப்பெண். மொத்தம் 14-க்குள் என்றால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், 17-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ காலை எடுத்துவிடுவதே மேல். விபத்து நடந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் டீக்கடையிலிருந்து காபித்தூள் கொண்டுவந்து காயத்தில் அப்பப் பார்த்தாராம். தயவுசெய்து வேண்டாம். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தத் தூளைக் கழுவி எடுப்பதற்கே ஆபரேஷன் தியேட்டரில் தனி நேரம் போகும்.

ஆபரேஷன் முடிந்த இரவுதான் உண்மையான பரீட்சை. நர்ஸ் மணிக்கொரு தடவை வந்து மடலைத் தொட்டுப் பார்ப்பார், விரலால் அழுத்தி நிறம் திரும்பும் வேகத்தைப் பார்ப்பார், கையடக்க டாப்ளர் கருவியை வைத்து உள்ளே 'உஷ், உஷ்' என்று ரத்தம் போகும் சத்தத்தைக் கேட்பார். சென்னை 2015-ல் வெள்ளத்தையும் 2019-ல் வறட்சியையும் பார்த்த ஊர், ஆகவே இது நமக்குப் புரியும். வரும் லைன் அடைத்தால் மடல் வெளிறிச் சில்லிட்டுவிடும். போகும் லைன் அடைத்தால் ரத்தம் உள்ளேயே தேங்கி ஊதா நிறத்தில் வீங்கும். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது, ஏனென்றால் சிரையின் சுவர் மெலிது, எளிதில் மடங்கி ரத்தம் உறைந்துவிடும். எது நடந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க முடியாது, ராத்திரியே திரும்பத் திறந்து சரிசெய்தால்தான் மடல் பிழைக்கும். சிரையைச் சரிசெய்ய வழியில்லாத சமயத்தில் அட்டையைக் கடிக்க விடுவதும் உண்டு, அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஏசி கிடையாது, குளிர்ந்தால் குழாய் சுருங்குமாம். சிகரெட்டும் அப்படித்தான், வார்டு வாசலில் பீடி பற்றவைத்த சித்தப்பாவை வாட்ச்மேன் விரட்டியே விட்டார்.

ஒரு வாரம் காலைத் தூக்கி வைத்தே படுத்திருந்தான். அப்புறம் ஐந்து நிமிடம் தொங்கவிடு, பத்து நிமிடம் தொங்கவிடு என்று பழக்கினார்கள், புது லைன் புவியீர்ப்புக்குப் பழக வேண்டும் அல்லவா. இப்போது நன்றாகவே நடக்கிறான். மடலில் தொடு உணர்ச்சி மந்தம்தான், கொசு கடித்தால் தெரியவில்லை என்கிறான். அந்தக் கொழுப்பு இன்னும் தன்னைத் தொடைக் கொழுப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது; தை மாதம் அவன் அக்கா கல்யாண விருந்துகளில் அவனுக்கு நாலு கிலோ ஏறியபோது, கணுக்கால் மேல் இருந்த மேடும் கூடவே குண்டாகி, ஷூ போட முடியாமல் மாப்பிள்ளை அழைப்புக்குச் செருப்போடுதான் வந்தான்.